பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

"ஓடிக்கிட்டிருக்கிற மிஷினை நடுவுல யாராவது அணைப்பாங்களா?" என்று தெய்வசிகாமணி நான்காவது தடவையாகச் சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை, அந்த 'யாராவது'வில் அதே இழுப்பு. இருபத்தாறு வருஷம் கூட இருந்த மனிதருக்குக் கோபத்தில்கூட ஒரு புது வார்த்தை கிடைக்காதா என்று கிரிஜாவுக்கு எரிந்தது. "யாராவது இல்ல, நான்தான் அணைச்சேன். நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கிக்கிட்டு என் முதுகுக்குப் பின்னாடி ஆடினது யாராம், எதிர் வீட்டுக்காரரா?" "அதுக்காக மெயின் சுவிட்சையா அமுக்குவ?" "பின்னே ஓடுற மிஷினுக்கா சந்தனம் வைக்கிறது? போன வருஷம் ஓடுற ஃபேனுக்கு வைக்கப் போய் விரலை நசுக்கிக்கிட்டீங்களே, அந்த மாதிரியா?" அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, எங்கேயாவது ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போனார். விஜயதசமி அன்றைக்கு உறையூரில் எவன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறான் என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. எதிரே மேஜைமேல் கம்ப்யூட்டர். திரைக்கு மேலே மூன்று சந்தனப் பொட்டு, நடுப்பொட்டில் குங்குமம், மவுஸ் எலிக்குக்கூட ஒரு பொட்டு. கடிகாரத்தில் பத்து நாற்பத்தெட்டு. இன்னும் நாற்பத்திரண்டு நிமிஷம். ஒரு குக்கர் சோறும் ஒரு ரசமும் வைக்கிற நேரம்தான், அதற்குள் என்ன கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது கெட்டுப்போகக் கூடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

பதினொன்றரைக்கு அக்கா மகன் கிஷோர் அக்காவைத் திரையில் கொண்டுவருவான். அங்கே மெல்பர்னில் அப்போது சாயங்காலம் ஐந்து மணி. ஆறு மணிக்கு அக்காவுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்து, மூச்சுக்குக் குழாய் மாட்டிவிடுவார்கள். "அதுக்கப்புறம் முழிப்பாங்களான்னு டாக்டருக்கே நிச்சயமா தெரியல சித்தி, அதனால ஒரு தடவை நீங்க..." என்று முந்தாநாள் அந்தப் பையன் சொன்னான், பாதியில் நிறுத்திவிட்டான், பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத சித்தியிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. போனில் பேசிவிடலாமே என்று தெய்வசிகாமணி சொன்னார். போனில் யாரிடம் பேசுவது? ஜூன் மாதமே அக்காவின் தொண்டையைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நிர்மலா அக்காவிடம் இப்போது ஒரு சிலேட்டும் ஒரு பேனாவும் தலையசைப்பும்தான் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தலையை ஆட்டுகிறாளா, திருப்பிக்கொள்கிறாளா என்று. பார்க்காமல் ஒன்றும் தெரியாது, வீட்டில் இருக்கிற பட்டன் செல்போனில் முகம் வராது. ஆகவே இந்தப் பெட்டி வேண்டும், இந்தப் பெட்டிக்கு நெட் வேண்டும். நேற்று நாலு மணிக்கு அதில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் சுவிட்சை அமுக்கி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. இன்றைக்குச் சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். பத்தரை தாண்டிச் சூடம் காட்டி, நகர்த்தி வைத்து, சுவிட்சைப் போட்டால் எல்லாம் வருகிறது, படம் வருகிறது, மணி வருகிறது, நெட் மட்டும் வரவில்லை. சாமிக்கு நேரம் பார்த்தோம், அக்காவுக்குப் பார்க்கவில்லை.

லேண்ட்லைன் அடித்தது. மகள் ஷர்மிளா, புனேயிலிருந்து. இந்த லினக்ஸ் கண்றாவியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான், பழைய மிஷின்மா, இது லேசா ஓடும், வைரஸ் வராது என்று. வைரஸ் வரவில்லை, உண்மைதான், நெட்டும் வரவில்லை. "அம்மா, பதட்டப்படாம நான் சொல்றதை மட்டும் அடி." "பதட்டமா? எனக்கா? சொல்லுடி சீக்கிரம்." கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அதில் வெள்ளைக் குச்சி ஒன்று மினுக் மினுக் என்று காத்திருந்தது. ஷர்மிளா எழுத்து எழுத்தாகச் சொன்னாள், கிரிஜா பத்து விரலாலும் பார்க்காமல் அடித்தாள். கான்வென்ட்டில் டைப்பிங் வகுப்பில் முதல் பரிசு. அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று திரை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிற்று. மறுபடி அடித்தாள். மறுபடியும் கிடையாது. "என்னம்மா அடிக்கிற? படிச்சுக் காட்டு." படித்துக் காட்டினாள். "முதல் எழுத்தைப் பெருசாவா போட்ட? கடைசியில புள்ளி வேற வச்சியா?" வைத்தாள்தான். வாக்கியம் என்றால் பெரிய எழுத்தில் ஆரம்பித்துப் புள்ளியில் முடிய வேண்டும். சிஸ்டர் பெர்னதெத் மர அளவுகோலால் முட்டியில் தட்டித் தட்டி உள்ளே இறக்கியது, நாற்பது வருஷம் கழித்தும் விரல் தானாகப் போய் அங்கே நிற்கிறது. "எல்லாமே சின்ன எழுத்தும்மா. புள்ளி வேண்டாம்." இப்படி இலக்கணம் தெரியாத ஒரு ஜந்துவிடம் மன்றாட வேண்டியிருக்கிறதே. அடித்தாள். நாலைந்து வரி வந்தது. "என்ன பேர் போட்டிருக்கு?" "எல், ஓ." "அது மட்டும்தானா? வேற ஒண்ணும் இல்லியா?" "வேற இருந்தா சொல்ல மாட்டேனா? அது என்ன எல் ஓ?" "அது ஒண்ணும் இல்லம்மா. மிஷின் தன்கிட்டயே பேசிக்கிற வழி. வெளியில போற வழி அதுல இல்ல." பத்து ஐம்பத்தேழு.

தன்னிடமே பேசிக்கொள்வது. பாத்திரம் தேய்க்கும்போது, கொத்தமல்லி ஆயும்போது, பதினோரு வருஷமாக அக்காவோடு அவள் பேசாத நாள் ஒன்று உண்டா? நீ சொன்னது தப்பு என்று ஆரம்பிப்பாள், அக்கா பதில் சொல்வாள், அக்காவின் பதிலும் இவள் போட்டதுதான், ஆகவே ஒவ்வொரு தடவையும் கிரிஜாதான் ஜெயித்தாள். சில நாள் அக்கா அழுது மன்னிப்புக்கூடக் கேட்டாள். இவள் பெருந்தன்மையாகச் சரி விடு என்றாள். பருப்பு தீய்ந்த வாசனை வந்த பிறகு பார்த்தால் அடுக்களையில் யாரும் இல்லை. "அம்மா, இருக்கியா?" "இருக்கேன், சொல்லு." அடுத்த கட்டளை. இந்தத் தடவை ஒரு பக்கம் முழுக்கக் கொட்டியது. "கடைசி வரிகள்ல ஈதர்நெட்னு ஏதாவது இருக்கா பாரு." இருந்தது. "அப்பாடா. அப்ப நெட் கார்டு உயிரோடதான் இருக்கு. மிஷினுக்கு அது அங்க இருக்கிறது தெரியுது. ஆனா அதுகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல. அதைப் பேச வைக்கிற டிரைவர் போயிடுச்சு." போன வருஷம் இடியில் உள்ளே இருந்தது கருகிப்போய், சிங்காரத்தோப்பு சந்து ஒன்றில் வாங்கிச் செருகிய சாதாரணக் கார்டு இது. அதற்கென்று ஷர்மிளாவே லீவில் வந்தபோது உட்கார்ந்து ஒரு டிரைவரைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள். "கெர்னல்னு ஒண்ணு இருக்கும்மா, அதுதான் மிஷினோட மூளை. நேத்து நீ புதுப்பிச்சப்ப புது மூளை வந்துடுச்சு. நான் பண்ணிக் கொடுத்தது பழைய மூளைக்கு. புதுசுக்கு அது யாருன்னே தெரியாது." "பழசுக்கே போகச் சொல்லேன்." "அதைத்தான் சொல்லப் போறேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே இரு. பட்டியல் ஒண்ணு வரும், அதுல பழசைத் தேர்ந்தெடு. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷம் என்ற வார்த்தையில் அவள் உடம்பு இளகியது. ஷிஃப்ட்டை அமுக்கிய விரல் வெளுக்க வெளுக்க நின்றாள். சேலை மாற்ற வேண்டும். இந்த நைட்டியோடா அக்காவின் முன்னால் போய் உட்காருவது, அன்றைக்கு மெல்பர்னுக்குக் கிளம்பும்போது பார்த்த தங்கச்சி இப்படி ஆகிவிட்டாளே என்று அவள் நினைக்கவா? அந்த மாம்பழ நிறப் பட்டா, வேண்டாம், சாகக் கிடக்கிறவளைப் பார்க்கப் பட்டு எதற்கு, சாக என்று ஏன் நினைத்தேன், சனியன் பிடித்த புத்தி. பட்டியல் வந்தது. இரண்டு வரி. இரண்டிலும் ஒரே எண். ஒன்று புதுசு, இன்னொன்றும் புதுசு, பழுதுபார்க்க என்று போட்டிருந்தது. "பழசு இல்லடி." "இருக்கும், கீழ பாரு." "கீழ சுவர்தான் இருக்கு." "அம்மா. நேத்து அது எதையாவது நீக்கவான்னு கேட்டுச்சா?" கேட்டது. பழையவை இனித் தேவையில்லை, நீக்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டது. ஆயுத பூஜைக்கு முன்னால் மூன்று நாளாகப் பரண் வரைக்கும் ஏறி, உடைந்த வாளி, காது போன கப்பு, தெய்வசிகாமணி ஒளித்து வைத்த பதினான்கு ரேடியோ பேட்டரி என்று அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து பழசு வேண்டாமா என்று கேட்டால் என்ன சொல்வாள்? ஆமாம் என்று தட்டினாள். வீட்டிலேயே சொன்ன பேச்சு கேட்கிற ஒரே ஆள் இந்த மிஷின்தான் என்று சந்தோஷம் வேறு. "நீயே ஆமான்னு சொல்லிட்டு, மீதி வேலை முடியறதுக்குள்ள நீயே அணைச்சும் விட்டுட்ட. சூப்பர்மா." "கிண்டல் பண்ற நேரமாடி இது? உங்கப்பாவுக்குப் பொறந்த புத்தி அப்படியே இருக்கு. இப்ப என்ன பண்ணணும் சொல்லு." பதினொன்று எட்டு.

பாதியில் நின்ற வேலையை முதலில் முடிக்கச் சொல்ல வேண்டுமாம். அதற்குக் கடவுச்சொல் கேட்டது. அடித்தாள், திரையில் ஒன்றும் விழவில்லை, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. "விழாதும்மா, அது காட்டிக்காது. நீ அடி, அது வாங்கிக்கும்." வாங்கிக்கொள்கிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படி அடிப்பது? எட்டு எழுத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். வாங்கிக்கொண்டது. வரி வரியாக ஏதோ ஓட ஆரம்பித்தது. ஓடட்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டு அடுக்களை, அம்மாவின் பதினாறாம் நாள், அப்பளம் பொரிந்துகொண்டிருக்கிறது. ரெண்டு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஒரு நாள் படுக்கை விரிப்பு மாற்றியிராத நிர்மலா அக்கா, விமானத்தில் வந்து இறங்கிய அலுப்பு முகத்தோடு, அம்மாவுக்கு மருந்தெல்லாம் வேளாவேளைக்குக் கொடுத்தியா கிரி என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இப்போது யோசித்தால் துக்கத்தில் கேட்கிற கேள்விதான், கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்போல. கிரிஜா ஜல்லிக்கரண்டியைக் கீழே வைக்காமல், உன் குரல் இனி என் காதில் விழக்கூடாது, எங்கேயாவது போய் அது அடைத்துப்போகட்டும் என்றாள். இங்கிலீஷில் சொன்னாள், சுற்றி உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்த அத்தைகளுக்குப் புரியக்கூடாது என்று. ஒரு வார்த்தை பிசகாமல், அழகான உச்சரிப்பில். அக்காவும் இங்கிலீஷிலேயே, சரி என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போனாள். "ரெண்டும் எவ்வளவு ஒத்துமையா பேசிக்குதுங்க பாரு" என்று மருங்காபுரி அத்தை சொன்னாள். உனக்குக் கரிநாக்குடி என்று மாமியார் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் சிரித்தாள். ஜூன் மாதம் கிஷோரின் மெயில் வந்த அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது. ஓரத்தில், வலது பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி. வெற்றிலைக் கறையாக இருக்கும். அவள் வெற்றிலை போடுவதில்லை.

"நின்னுடுச்சாம்மா? நின்னா சொல்லு." நின்றிருந்தது. பதினொன்று பத்தொன்பது. ஷர்மிளா அந்தக் கார்டின் டிரைவரை எழுதி வைத்த கோப்புறைக்குள் போகச் சொன்னாள், போனாள். அதைப் புது மூளைக்கு ஏற்ற மாதிரி மறுபடி உண்டாக்கச் சொல்லி ஒற்றை வார்த்தை, சின்ன எழுத்தில், புள்ளி இல்லாமல். அடித்தாள். ஓடியது, நின்றது. தப்பு என்று வந்தது. எந்த வரியில் தப்பு என்று எண் போட்டு, நோட்டு திருத்துகிற டீச்சர் மாதிரி. "படி." படித்தாள். "இன்னொரு தடவை மெதுவா." "எத்தனை தடவைடி, மணி ஓடுதுடி." "அம்மா, நீ கத்தினா எனக்கு எதுவும் காதுல ஏறல. நான் ஆபீஸ் படிக்கட்டுல உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு உன் ஸ்கிரீனை மனசுல பார்த்துக்கிட்டிருக்கேன், தெரியுமா? பெரியம்மாவை நானும்தான் பார்க்கணும்." அது கிரிஜாவுக்கு நினைவில்லை. ஷர்மிளாவுக்குப் பெரியம்மாதான் முதன்முதலில் சடை பின்னிவிட்டாள். தன் சண்டைக்குள் இவளையும் இழுத்துப் போட்டுப் பதினோரு வருஷம் பூட்டி வைத்தோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே. வரி இருநூற்றுப் பதினான்கில் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொன்னாள். போட்டாள். மறுபடி உண்டாக்கு. ஓடியது, ஓடியது. நடுவில் எச்சரிக்கை என்று ஏதோ வந்தது, "அதைக் கண்டுக்காதே" என்றாள், கண்டுகொள்ளவில்லை. தப்பு என்ற வார்த்தை வரவில்லை. "ஏத்து." ஏற்றினாள். முதலில் அடித்த கட்டளையை மறுபடி அடிக்கச் சொன்னாள். எல் ஓவுக்கு மேலே இன்னொரு பெயர் வந்திருந்தது. கிரிஜாவுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை, "வந்துடுச்சுடி, ரெண்டு பேர் இருக்கு, ரெண்டு பேர் இருக்கு" என்று கத்தினாள். பதினொன்று முப்பத்திரண்டு. வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

தெய்வசிகாமணி செருப்போடு உள்ளே வந்தார். தெப்பக்குளம் வரைக்கும் போய்விட்டாராம், எல்லா ஷட்டரிலும் வாழைக்கன்று கட்டியிருக்கிறதாம், ரோடு முழுக்கப் பூசணிக்காய், வழுக்கி ஒரு தடவை விழப் பார்த்தாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வந்துடுச்சா?" என்றார் மெதுவாக. அவள் பேசாமலிருங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் தோளில் இருந்த துண்டின் நுனியால் திரைமேல் ஒழுகியிருந்த குங்குமத்தைத் துடைத்தார், கேமரா கண்ணையும் துடைத்தார், பிறகு அவள் நைட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு துப்பட்டாவை எடுத்துவந்து தோளில் போர்த்திவிட்டார். "கடைசி வேலை, வெளியில போய் ஒரு முகவரி வாங்கிக்கிட்டு வரச் சொல்லணும்" என்றாள் ஷர்மிளா. அடித்தாள். ஒரு வரி வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே வரி. இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். "என்னடி இது, சொன்னதையே சொல்லுது?" "யாராவது இருக்கீங்களான்னு கேக்குதும்மா. மோடம் பக்கத்துலேருந்து இருக்கேன்னு ஒரு பதில் வரணும். வந்துடும். மோடத்துல எத்தனை லைட் எரியுது?" மூன்று எரிந்தது, நாலு எரிய வேண்டும். வயரைப் பிடுங்கிக் குத்தினார் தெய்வசிகாமணி. மூன்றுதான். மோடத்தை அணைத்துப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. திரை ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, பிறகு எட்டு, பிறகு பதின்மூன்று, இடைவெளியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அலுத்துப்போகிறதோ அதற்கும். பதினொன்று நாற்பத்தொன்றுக்குச் செல்போன் அடித்தது. நீளமான நம்பர்.

"சித்தி, எங்க இருக்கீங்க? நாங்க ஆன்லைன்லயே உட்கார்ந்திருக்கோம்." "வந்துடுச்சுப்பா கிஷோர், எல்லாம் பண்ணியாச்சு, ஒரே ஒரு பதில் வரணும், அஞ்சு நிமிஷம்." "அஞ்சு நிமிஷம் இல்ல சித்தி. டாக்டர் முன்கூட்டியே வந்துட்டாங்க, மூச்சு ரொம்ப இறங்குது. நர்ஸ் ஊசியோட நிக்கறாங்க. போனை அம்மா காதுல வைக்கிறேன், நீங்க பேசுங்க. கண்ணை மூடித்தான் இருக்காங்க, ஆனா கேக்கும்னு நினைக்கிறேன்." வேண்டாம், வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள், போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும். பேசுவதற்கு அவள் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. முகத்தைக் காட்டுவாள், அக்கா பார்ப்பாள், அவ்வளவுதான் ஏற்பாடு. போன் இடம் மாறுகிற சரசரப்பு. அப்புறம் ஒரு மிஷின் காற்றை இழுத்து விடுகிற சத்தம், தொலைவில் யாரோ இங்கிலீஷில் நிதானமாக எண்களைச் சொல்கிறார்கள். "அக்கா, நான் கிரி" என்றாள். காற்று இழுத்தது, விட்டது. "அக்கா, உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்ன கேள்வி இது, காய்ச்சல்காரியிடம் கேட்கிறாற்போல. "அன்னைக்கு அம்மா காரியத்துல நான் சொன்னது... நான் மருந்து ஒரு வேளைகூட விட்டதில்லக்கா. அதுக்காகச் சொல்ல வரல. நீ கேட்டது தப்பில்ல. நான் சொன்னதுதான்... நீ அதை இன்னமும் வச்சுக்கிட்டிருக்கியா?" இழுத்தது, விட்டது. மேஜைமேல் கிடந்த லேண்ட்லைன் ரிசீவருக்குள்ளிருந்து ஷர்மிளா சின்னக் குரலில், அம்மா, பதில் வந்துச்சா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி குனிந்து அதைக் கையால் பொத்தினார். கிரிஜா செல்போனைக் காதில் வலிக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். "அக்கா, உன்னால பேச முடியாதுன்னு எனக்குத் தெரியும். பேச வேண்டாம். கேக்குதுன்னா போன் மேல விரலால ஒரு தட்டு தட்டு. எனக்கு அது போதும்." காற்று இழுத்தது. விட்டது. அவள் காத்திருந்தாள். எண் சொல்லிக்கொண்டிருந்த குரலும் நின்றுவிட்டது. "அக்கா, நகத்தால தட்டினாக்கூடப் போதும்க்கா. ஒரே ஒரு தடவை."